பிஸ்கால் வீட்டுக் கன்மம்

யாராவது "அது அவையின்ரை கன்மம்" என்று சொன்னால், அந்த "அவை" யாரென்று நான் பார்ப்பதில்லை. சொன்ன ஆளைத்தான் பார்ப்பேன். இவருக்கு இதிலே என்ன வேலை, இந்தச் சொல்லை இந்த நேரத்தில் ஏன் எடுத்தார், இதைச் சொல்லிவிட்டால் இவருக்கு எது மிச்சப்படும் என்று மனம் துருவத் தொடங்கிவிடும். செத்தவீட்டில் உட்கார்ந்துகொண்டுகூட இதைத்தான் செய்வேன். "உங்களுக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி" என்பாள் என் மனைவி. பிறவியில் வந்ததல்ல. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்தில் ஒடுங்கிய தெருவான ஒழுங்கை ஒன்றில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது வந்தது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி.

கன்மம் உண்டு, இல்லை என்று இரண்டு பக்கமும் நின்று வாதாடுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் புத்தகத்துக் கன்மத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது வாசல் படலையடியில் நின்று பேசப்படுகிற கன்மம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நமக்குக் காய்ச்சல் வந்தால் கண்ணூறு. அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்தால் கன்மம். நமக்குப் பிடிக்காதவனுக்கு வந்தால் "கடவுள் இருக்கிறார்". பிடிக்காதவன் கொழுகொழுவென்று நன்றாக இருந்தால், "முற்பிறப்பிலை ஏதோ புண்ணியம் செய்திட்டான், முடிய விழுவான்". எந்தப் பக்கம் விழுந்தாலும் சொல்கிறவருக்கு அடிபடாத சொல் அது. நானும் அதை அப்படித்தான் பாவித்தேன், ஒரே ஒரு தரம்.

அப்போது நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் புருஷன், என் அத்தான், அரசாங்கத்தில் கிளாக்கர். எனக்கும் ஒரு கந்தோரில் தற்காலிகமாக எழுத்து வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். நிரந்தரமாக்குவதற்கும் அவர்தான் ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை விரதம் தவறமாட்டார், யாருடனும் உரத்துப் பேசமாட்டார். ஒரு குறை சொல்வதானால், தனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிற எதையும் அவர் கேட்கவே மாட்டார். அது கந்தோரில் பழகிய பழக்கம் என்று நினைக்கிறேன்.

அந்த நாளில் கிளாக்கர்மாருக்கு எபிஷன்சி பார் என்று ஒரு சோதனை இருந்தது. அதைத் தாண்டாவிட்டால் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கும். அத்தான் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டைவிட்டார். மூன்றாம் தரம் எழுதப் போகுமுன், பாஸ் பண்ணினால் ஆடிவேலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதாக முருகனுக்கு நேர்த்தி வைத்தார். பாஸ் பண்ணிவிட்டார். அந்த வருஷம் வேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் வருகிற வருஷம். ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற இடத்தில் பந்தல் போடுவதென்று முடிவாயிற்று.

நேர்த்தி வைக்கிறவர்கள் அதற்குள் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டையும் சொருகி வைப்பார்கள். வெறும் நேர்த்தி சாமிக்குப் போதாது என்று அவர்களுக்கு ஒரு பயம். அத்தான் வைத்த கட்டுப்பாடு, காலையில் நிரப்பிய கிடாரம் ரதம் பந்தலைத் தாண்டும்வரைக்கும் வற்றக் கூடாது என்பது. வற்றினால் நேர்த்தி முறிந்தது. அடுத்த பிரமோஷனும் முறிந்தது என்று அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருந்தது.

பந்தலுக்கு ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஏதாவது தந்தார்கள். ஒரு வீடு சீனி, ஒரு வீடு தேசிக்காய், ஒரு வீடு தென்னோலை. தராதது ஒரு வீடு. அதுதான் பிஸ்கால் வீடு.

கோட்டுத் தீர்ப்பை நிறைவேற்றுகிற இடத்துக்குப் பிஸ்கால் கந்தோர் என்று பெயர். ஆளை வீட்டை விட்டு எழுப்பு என்று கோடு சொன்னால், போய் எழுப்புவது அவர்கள். சாமானைத் தூக்கு என்றால் தூக்குவதும் அவர்கள். அந்த உத்தியோகத்தில் இருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒடிசலானவர். ஒன்றைக் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வார். மனைவி, ஒன்பது வயதில் ஒரே மகள். பந்தலுக்கு என்று நான் போய்க் கேட்டபோது, "தெருவிலை திறந்து வைச்ச தண்ணி எனக்குச் சரிவராது தம்பி. குடுக்கவும் மாட்டன், குடிக்கவும் மாட்டன்" என்றார். எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த ஒழுங்கையிலேயே புத்தியோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவரைப் பற்றி ஒரு கதை முன்பே உலாவியது. கொட்டாஞ்சேனையில் வாடகை வழக்கொன்றில் ஒரு விதவையையும் மூன்று பிள்ளைகளையும் வெளியே போட்டாராம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். பானையைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கித் தெருவில் வைத்தாராம். இந்தக் கதையைச் சொல்லாத வாய் எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஆனால் அவரிடம் எல்லோரும் சிரித்துத்தான் கதைத்தார்கள். பிஸ்காலைப் பகைப்பானேன்?

வேல் அன்று காலையிலிருந்தே சனம். கிடாரத்தில் சர்க்கரைத் தண்ணீர், தேசிக்காயும் ஏலக்காயும் போட்டது. நான்தான் ஊற்றினேன். மத்தியானத்துக்குப் பிறகு தெருப் பைப்பில் தண்ணீர் நூலாக விழுந்து, மூன்று மணியளவில் நின்றேவிட்டது. காலி வீதி முழுக்கப் பந்தல்கள். எல்லோரும் ஒரே குழாய்த் தண்ணீரை நம்பியிருந்தோம். எங்கள் வீட்டுப் பைப்பும் காற்றைத்தான் விட்டது. கிடாரத்தின் அடி தெரியத் தொடங்கியது. ரதம் பம்பலப்பிட்டிக்கே வரவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

"கிடாரம் வத்தக் கூடாது" என்றார் அத்தான். முகம் வெளிறியிருந்தது. "எங்கையெண்டாலும் போய் எடுத்துக்கொண்டு வா."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. நான் வாளிகளோடு திரும்பி வந்தபோது எங்கிருந்து என்று கேட்கவும் இல்லை.

ஒழுங்கையின் மறு முனையில், வாய்க்கால் பக்கமாக, ஆளில்லாத ஒரு பழைய வளவு இருந்தது. அதில் ஒரு கிணறு. மழைக்கு வாய்க்கால் பெருகினால் அந்தக் கிணறும் பெருகும். அதில் யாரும் குடிக்க அள்ளுவதில்லை. நான் போனபோது ஒரு சிங்களப் பெண் அங்கே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கண்டதும், "மே வதுர பொன்ன எப்பா, மாத்தயா" என்றாள். இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "தெய்யன்ட" என்றேன். சாமிக்கு. அவள் உடனே ஈரக் கையைச் சேலையில் துடைத்து, வீதிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு கயிற்றை என் கையிலிருந்து வாங்கித் தானே அள்ளி ஊற்றினாள். இரண்டு வாளி. திரும்ப வந்து இன்னும் இரண்டு. மொத்தம் எட்டு வாளி சுமந்தேன். வேட்டித் துண்டால் வடித்துக் கிடாரத்தில் ஊற்றிச் சர்க்கரையைக் கூட்டிப் போட்டேன். கலங்கல் தெரியவில்லை. வாசமும் தெரியவில்லை, ஏலக்காய் நிறையப் போட்டிருந்தேன்.

காய்ச்சிச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நேரமில்லை. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாமி பேரில் கொடுக்கிற தண்ணீரில் ஒன்றும் வராது என்று நானும் அன்றைக்கு நம்பினேன்.

பிஸ்காலின் மகள் அதற்குப் பிறகுதான் வந்தாள். தகப்பனுக்குத் தெரியாமல், வீட்டுப் பின்பக்கத்தால் வந்திருந்தாள். கையில் சொந்தமாக ஒரு சின்னத் தம்ளர். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அண்ணா" என்று குடித்தாள். போனாள். திரும்ப வந்தாள். மூன்று தரம் ஊற்றினேன். மூன்றாம் தரம் தம்ளர் விளிம்புவரை ஊற்றி, "உன்ரை அப்பா தராததுக்கும் சேர்த்துக் குடி" என்று பகிடி விட்டேன். அவளுக்குச் சிரிப்பு. மாலை மங்கும் நேரத்தில் ரதம் வந்தது. கிடாரம் வற்றவில்லை. அத்தான் அழுதுவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றோட்டமும் பிடித்தது. பத்து நாள் படுக்கை. அக்கா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். "பந்தல் அந்த மாதிரி நடந்ததெல்லோ, எத்தனை கண் பட்டிருக்கும்" என்றாள். ஒழுங்கைக் கடைசி வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். அதே நாட்களில் பிஸ்காலின் மகள் விழுந்தாள். மற்றவர்களுக்கு இறங்கியது, அவளுக்கு இறங்கவில்லை. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட், என்று வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி சொல்லிவிட்டார். அந்த நாளில் அதற்கு மருந்து என்று ஒன்றும் கிடையாது. பார்லித் தண்ணீரைக் கொடுத்து, தலையில் ஐஸ் வைத்து, மூன்று நாலு கிழமை காத்திருக்க வேண்டும். பிழைத்தால் பிழைப்பு.

எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரும் பின்னேரம் குடித்தவர்கள். காலையில் குடித்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. சரி, பின்னேரம் குடித்த எத்தனையோ பேருக்கு ஒன்றும் வரவில்லைதான். நான் ஒரு டாக்குத்தர் இல்லை, இதைக் கோட்டில் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்தது. இரவும் பகலும் அந்த விளிம்புவரை நிறைந்த தம்ளர்தான் கண்ணில் நின்றது.

அத்தானிடம் சொன்னேன். அக்காவும் பக்கத்தில் நின்றாள். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டார்.

"உதை ஏன் இப்ப கதைக்கிறாய்? முருகன்ரை பேரிலை குடுத்த தண்ணி. அதாலை வருத்தம் வருமோ?"

"அது வாய்க்கால் பக்கத்துக் கிணத்துத் தண்ணி, அத்தான்."

"நான் உன்னை அங்கை போகச் சொன்னனானோ?"

இல்லை என்றேன். சொல்லவில்லைதான்.

"வெளியிலை வாய் விட்டியெண்டால் முனிசிப்பல்காரன் வந்து நிப்பான். என்ரை பேர் பேப்பரிலை வரும். உன்ரை உத்தியோகமும் நிரந்தரமாகாது. யோசிச்சுக் கதை."

அக்கா கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். மூன்றாம் நாள் காலையில் நான் பின்வளவுப் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியோடு அக்கா கதைக்கிற சத்தம் கேட்டது.

"பாவம், பிள்ளை என்ன செய்தது? தேப்பன் செய்த கன்மம். உலைப் பானையோடை ஒரு விதவையைத் தெருவிலை விட்டால், அந்த வயித்தெரிச்சல் சும்மா விடுமே?"

அதற்கு முன் அந்தச் சொல்லை இந்தக் காய்ச்சலோடு சேர்த்து ஒருவரும் சொல்லவில்லை. அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க அதே சொல். என் அக்கா வேண்டுமென்றே செய்தாளா, அல்லது தன் மனத்துக்கே ஒரு ஆறுதலாக அதைச் சொல்லி, சொல்லும்போதே நம்பியும் விட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் நான் கேட்டதும் இல்லை. அவள் கெட்டவள் அல்ல. அந்தப் பிள்ளைக்காக ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள். ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அதை என் கண்முன்னால் இடம் மாற்றி வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே கிணற்றுத் தண்ணீர். எங்கள் வீட்டில் அதற்குக் கண்ணூறு என்று பேர், இரண்டு வீடு தள்ளிக் கன்மம் என்று பேர்.

நான் செய்தது இவ்வளவுதான். ஐஸ் கொண்டுவந்து கொடுத்தேன். கந்தோர் விட்டதும் கொம்பனித்தெருவுக்குப் போய், ஒரு கட்டி ஐஸை உமியும் சாக்கும் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அது உருகுமுன் வெள்ளவத்தைக்கு மிதிப்பேன். ஒவ்வொரு நாளும். பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்து, "நீர் போன பிறப்பிலை எங்களுக்கு ஆராய் இருந்தீரோ" என்றாள். ஒழுங்கை முழுக்க என்னைப் புண்ணியவான் என்றது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

ஒரு நாள் ஐஸோடு உள்ளே போகும்போது அப்போதிக்கரி இருந்தார். வெளிப்படையாகப் பேசுகிறவர்.

"உது தண்ணியாலை வாற வருத்தம். பிள்ளை எங்கையத்தைத் தண்ணி குடிச்சது?"

"வீட்டுப் பைப் தண்ணிதான். நாங்கள் வெளியிலை ஒண்டும் குடிக்க விடுறேல்லை" என்றாள் தாய்.

அவர் பிள்ளையிடம் குனிந்து கேட்டார். அவளுக்கு அப்போது நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து முதலில் தகப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். தகப்பன் ஏசுவார் என்ற பயம் அவளுக்கு. நான் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவே இல்லை. அப்போதிக்கரி தோளைக் குலுக்கிவிட்டுப் பையை மூடினார். பிஸ்கால் மெல்லச் சொன்னார், "அப்ப இது வேறை எங்கையிருந்தோ வந்தது". அவர் மனம் போன திசை எனக்குத் தெரிந்தது. ஒழுங்கையின் கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

பிள்ளை பிழைத்தாள். தலைமயிர் எல்லாம் கொட்டிப் போயிற்று, அது திரும்ப முளைத்தது. காது போயிற்று, அது திரும்பவில்லை. இரண்டு காதும். முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாய் பின்னால் நின்று கூப்பிடக் கூப்பிட அவள் பாவையோடு விளையாடிக்கொண்டே இருந்தாள். அந்தத் தாய் கதறியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, அரைநாள் கந்தோர் விட்டு வந்த என்னைப் பிஸ்கால் படலையில் மறித்தார்.

"தம்பி, கொட்டாஞ்சேனைக்கு ஒருக்கால் என்னோடை வருவீரோ? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்குது."

எதற்கு என்று கேட்டேன். அந்த விதவையைத் தேடி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கோட்டைவரை பஸ்ஸில் போய், டிராம் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். பழைய முடுக்கில் விசாரித்தால், அவள் முகத்துவாரத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். நடந்தோம். வழியெல்லாம் மனதுக்குள் வசனம் பாடமாக்கினேன். அண்ணை, உங்கடை பிள்ளைக்கு வருத்தம் வந்தது என்னாலை. நான் வார்த்த தண்ணியாலை. இரண்டே வசனம். திரும்பி வரும்போது சொல்லிவிடுவதென்று எனக்குள் சத்தியம் பண்ணினேன்.

கடற்கரையோரம் தகரக் கூரை வரிசையில் அவளைக் கண்டுபிடித்தோம். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். மூத்த மகன் துறைமுகத்தில் கரி சுமக்கிறான் என்றாள். எங்கள் சப்பாத்துகளைக் கண்டு பயந்து எழுந்தவள், இவர் யாரென்று சொன்னதும் இன்னும் பயந்தாள்.

"இந்த வீடும் காலி பண்ணணுமாங்க?"

"இல்லை அம்மா. நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான். அண்டைக்கு உலைப் பானையையும் தூக்கி வெளியிலை வைச்சனான்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஐயோ, அந்தப் பானையைச் சிந்தாமத் தூக்கி வச்சவரா நீங்க! கூட வந்தவன் எட்டி ஒதைக்கப் போனான். நீங்கதான் துண்டைச் சுத்தி, கை சுடச்சுட, நிதானமாத் தூக்கிட்டுப் போனீங்க. அன்னிக்கு ராத்திரி புள்ளைங்க தின்னது அந்தச் சோத்தைத்தானுங்க."

பிஸ்கால் என்னைப் பார்த்தார். அவர் பிள்ளைக்கு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. காய்ச்சல், காது, அவ்வளவுதான். அவள் வாயில் கையை வைத்தாள்.

"நான் யாரையும் சபிக்கலீங்க. கோட்டு உத்தரவு, நீங்க இல்லாட்டி இன்னொருத்தரு வந்திருப்பாரு. என் வாயால ஒரு வார்த்தை வந்திருந்தா என் புள்ளைங்க மேல ஆணை. அந்தச் சின்னது என்னாங்க பண்ணுச்சு?"

அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். குடித்துவிட்டு வெளியே வந்தோம். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்? சாபம் கொடுத்ததாக ஊர் சொன்ன ஆளே இல்லை என்கிறாள். டிராமில் அவர் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். தெளியவில்லை.

"வாயாலை சொல்லாட்டிலும் வயிறு எரிஞ்சிருக்குமெல்லோ" என்றார். "அவவுக்கே தெரியாமல் எரிஞ்சிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. சபித்தாலும் கன்மம், சபிக்காவிட்டாலும் கன்மம். சாட்சி எந்தப் பக்கம் பேசினாலும் ஒரே தீர்ப்பு. கோட்டிலே வேலை செய்கிற மனிதர் இதை எப்படி ஒப்புக்கொள்கிறார்?

கோட்டையில் பஸ் ஏறினோம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கொள்ளுப்பிட்டி தாண்டியது. பம்பலப்பிட்டிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, நீர் படிச்சனீர். பக்கத்திலை நிண்டு எல்லாம் பாத்தனீர். உண்மையைச் சொல்லும். கன்மம் எண்டு ஒண்டு இருக்கோ?"

இப்படிச் சொல்லி நேராக என் கண்ணைப் பார்த்தார். "பக்கத்திலை நிண்டு பாத்தனீர்" என்றால் என்ன அர்த்தம்? இவருக்குத் தெரியுமோ? காது போனாலும் பிள்ளைக்கு வாய் இருக்கிறதே, சொல்லியிருப்பாளோ? ஆட்களிடமிருந்து ஒளித்ததை வாங்குவதுதானே இவருக்கு உத்தியோகம், என்னிடமிருந்தும் வாங்கப் பார்க்கிறாரோ? கொட்டாஞ்சேனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனதே இதற்குத்தானோ? ஒரு நிமிஷத்துக்குள் இவ்வளவும் ஓடியது. பாடமாக்கிய இரண்டு வசனமும் போன இடம் தெரியவில்லை. எனக்குப் பயம். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க நான் விரும்பவில்லை.

"இருக்கும் போலத்தான் கிடக்குது, அண்ணை" என்றேன்.

அவர் என்னை விட்டுப் பார்வையை எடுத்தார். முகத்தில் தந்திரமும் இல்லை, சோதனையும் இல்லை. என்னைப் படித்தவன் என்று நம்பிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்து, உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்ப நான்தான்" என்றார்.

ஆமென்று நான் வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.